முத்தப்பூச்சியா, வேறு பூச்சியா? கேள்வி–பதில்

கேள்வி: இரவில் படுக்கை அருகே ஒரு கரும்பழுப்புப் பூச்சி கிடைத்தது. வயிற்றோரத்தில் ஆரஞ்சுக் கோடுகள். சாகஸ் என்ற ஒட்டுண்ணி நோயைப் பரப்பும், இரத்தம் குடிக்கும் முத்தப்பூச்சிதானா?

பதில்: கோடுகளை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். செடிச்சாறு குடிக்கும் இலைக்கால் பூச்சிகள் சிலவற்றுக்கும் இதே கோடுகள் உண்டு. டிரையடோமா புரோட்ராக்டா என்ற இனம் அசல் முத்தப்பூச்சி. அதற்கோ கோடுகளே இருக்காது. ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். தலைக்குக் கீழே மடங்கியிருக்கும் உறிஞ்சுகுழலைத்தான் நான் முதலில் தேடுவேன். மெல்லியதாக, நேராக, மூன்று கணுக்களோடு, முன்னங்கால்களின் அடி வரை மட்டும் எட்டினால் அது இரத்தம் குடிப்பது. தடித்து வில்லாக வளைந்திருந்தால் மற்ற பூச்சிகளை வேட்டையாடுவது. நான்கு கணுக்களோடு முன்னங்கால்களையும் தாண்டி நீண்டால் சாறு குடிப்பது. அப்புறம் தலையைப் பாருங்கள்: முத்தப்பூச்சிக்கு அது ஒடுங்கி நீண்டிருக்கும்.

கேள்வி: நான் பார்த்ததற்கு இறக்கையே இல்லை. ஆபத்தில்லைதானே?

பதில்: அது இளம்பூச்சியாக இருக்கலாம். ஐந்து இளம்பருவங்களிலும் இறக்கை கிடையாது, ஐந்திலும் இரத்தம்தான் உணவு. கொசுவில் பெண் மட்டும் கடிக்கும்; இதில் ஆணும் கடிக்கும்.

கேள்வி: கடித்தாலே நோய் தொற்றிவிடுமா?

பதில்: இல்லை. டிரிப்பனோசோமா குரூசி என்ற ஒட்டுண்ணி பூச்சியின் எச்சத்தில்தான் வெளியேறுகிறது. கார்லோஸ் சாகஸ் 1909இல் பிரேசிலில் இந்த நோயை விவரித்தார். கடித்த இடத்தைச் சொறியும்போது எச்சம் காயத்திலோ கண்ணிலோ பட்டால் தொற்று ஏற்படலாம். இனத்தின் பெயரை நான் வற்புறுத்திக் கேட்பது இதனால்தான். தென் அமெரிக்காவின் டிரையடோமா இன்ஃபெஸ்டன்ஸ் வீட்டுச் சுவர் விரிசல்களிலேயே குடியிருந்து, இரத்தம் குடித்த கையோடு எச்சமிடும். டிரையடோமா புரோட்ராக்டா பெரும்பாலும் காட்டு எலிகளின் கூடுகளில் வாழும். குடித்துவிட்டு நகர்ந்த பிறகே எச்சமிடுவது அதன் வழக்கம். இரண்டும் முத்தப்பூச்சிகள்தாம், ஆனால் மனிதருக்கு உள்ள ஆபத்து ஒன்றல்ல.

கேள்வி: பயத்தில் கையாலேயே நசுக்கிவிட்டேன். என்ன செய்வது?

பதில்: சரி, உடனே சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், அதுவரை கண்ணையும் வாயையும் தொடாதீர்கள். அது கிடந்த இடத்தையும் கிருமிநாசினியால் துடையுங்கள். கிடைத்த துண்டுகளைக் கையுறை போட்டு எடுத்து, மூடிய டப்பாவில் வையுங்கள். தலை மிஞ்சியிருந்தாலே பூச்சியியலாளருக்குப் பெரிய உதவி. ஒட்டுண்ணி இருக்கிறதா என்பது வெளித்தோற்றத்தில் தெரியாது, ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். கடி பட்டிருந்தால் மருத்துவரிடம் பூச்சியைப் பற்றியும் சொல்லி, இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.