மூன்று பேருமே 'நினைவாற்றல்' என்றால் யாரிடம் சேர்வது?

கேள்வி: இயற்பியலில் முதுகலை முடித்திருக்கிறேன். நரம்பியலில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. பார்த்துவைத்திருக்கும் மூன்று பேராசிரியர்களும் 'ஆய்வு ஆர்வம்: கற்றலும் நினைவாற்றலும்' என்றே போட்டிருக்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: அந்தச் சொல்லை முதலில் ஓரமாக வையுங்கள். எந்த உயிரினம், எந்தக் கருவி என்று பாருங்கள். உங்கள் அடுத்த ஐந்து வருடம் அதில்தான் கழியப்போகிறது.

ஒருவர் எலியின் மூளையை 0.3 மில்லிமீட்டர் தடிமனில் சீவி, ஆக்சிஜன் குமிழிடும் உப்புக் கரைசலில் உயிரோடு வைத்து, ஒற்றை நியூரானின் (நரம்பு செல்லின்) மின்னோட்டத்தை அளக்கும் 'பேட்ச் கிளாம்ப்' செய்பவராக இருக்கலாம். அங்கே போனால், நுனி ஒரு மைக்ரான் அளவே உள்ள கண்ணாடிக் குழாயை ஒற்றை நியூரானின் மேல் ஒட்டவைப்பது உங்கள் வேலை. பல ஆய்வகங்களில் இன்னமும் மறுமுனைக் குழலை வாயால் லேசாக உறிஞ்சித்தான் ஒட்டவைக்கிறார்கள். கொஞ்சம் கூடிப்போனால் செல் போச்சு. காலையிலிருந்து உட்கார்ந்தும் ஒன்றுகூடத் தேறாத நாட்கள் வரும். கைப்பழக்கமும் பொறுமையும் இல்லாதவருக்கு இது தண்டனை.

இன்னொருவர் ஆட்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுக்கவைப்பவர் என்றால் பெரும்பாலும் புள்ளியியல்தான். மூன்றாமவர் நியூரான்களின் இயக்கத்தைக் கணினியில் சமன்பாடுகளாக மாதிரியாக்குபவர் என்றால் உங்கள் இயற்பியல் நேராகக் கைகொடுக்கும். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு பிரிட்டிஷ் உடலியல் அறிஞர்கள், கணவாயின் நரம்பிழையில் மின்துடிப்பு எப்படி எழுகிறது என்பதற்கு 1952இல் எழுதிய சமன்பாடுகள்தான் இத்துறையின் அரிச்சுவடி. பல்கலைக்கழகக் கணினி அப்போது கிடைக்காததால் ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரத்திலேயே விடை கண்டார்!

உயிரினம் சின்னது என்று ஒதுக்கிவிடாதீர்கள். மனநல மருத்துவரான எரிக் கேண்டல், சுமார் 20,000 நியூரான்களே உள்ள கடல் நத்தையை எடுத்துக்கொண்டு நினைவாற்றலை ஆராய்ந்துதான் 2000இல் நோபல் பரிசு பெற்றார்.

சரி, இதையெல்லாம் எங்கே தெரிந்துகொள்வது? சுயவிவரத்தில் இருக்கும் ஆர்வப் பட்டியல் பத்து வருடப் பழசாக இருக்கலாம். கடைசி மூன்று வருடக் கட்டுரைகளின் 'செய்முறை' பகுதியைப் படியுங்கள். கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் ஆய்வகத் தலைவர் பெயர் வழக்கமாகக் கடைசியில் வரும். முதல் பெயர் மாணவருடையதா என்று கவனியுங்கள். அப்புறம் அந்த மாணவரைத் தனியாகப் பிடித்து, முதல் உருப்படியான தரவு கிடைக்க எத்தனை மாதம் ஆனது, அதுவரை பேராசிரியர் எப்படி நடந்துகொண்டார் என்று கேளுங்கள்.