பரம்பரை ஆஞ்சியோஎடீமா உள்ளவர்களுக்குத் தன்னுடல் தாக்குநோய்களும் வருமா?

உடலில் திடீர் வீக்கங்களை உண்டாக்கும் பரம்பரை ஆஞ்சியோஎடீமாவுடன் வாழும் தங்களுக்கு இப்போது தைராய்டு சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள்களும் கூடியிருப்பதால், இரண்டுக்கும் தொடர்பு உண்டா, அடுத்து, உடலின் தற்காப்பு உடலையே தாக்கும் தன்னுடல் தாக்குநோய்களில் ஒன்றான லூபஸ் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாய்வழியில் இதே வீக்க நோயைப் பெற்றவன் என்ற முறையில், படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

தொடர்பு உண்டு; ஆனால் அஞ்சும் அளவுக்கு வலுவானதன்று. நம் வீக்கமே தன்னுடல் தாக்குநோய் அன்று. செர்பிங்1 மரபணுவின் பழுதால் சி1 இன்ஹிபிட்டர் என்னும் புரதம் குறைந்துபோகிறது, அல்லது இருந்தும் வேலை செய்வதில்லை. அதனால் இரத்தக் குழாய்களைக் கசியவைக்கும் பிராடிகைனின் என்னும் பொருள் பெருகி, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வீக்கம் உண்டாகிறது. ஒவ்வாமை மாத்திரையும் ஸ்டீராய்டும் இதற்குப் பலிக்காததன் காரணமும் அதுவே.

அதே புரதம், காம்ப்ளிமென்ட் எனப்படும் தற்காப்பு வரிசையின் முதற்படிக்குக் கடிவாளமாகவும் இருக்கிறது. கடிவாளம் தளர்ந்ததும் அவ்வரிசையின் புரதங்களான சி4, சி2 ஆகியவை வீணாகச் செலவாகிக் குறைகின்றன. இறந்த செல்களையும் எதிர்ப்பொருள் திரள்களையும் அப்புறப்படுத்துவதில் இவ்வரிசைக்குப் பங்கு இருப்பதால், அவை தேங்கும்போது உடல் தன்னுடையதையே அந்நியமாகக் கருதத் தொடங்கக்கூடும் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பிறவியிலேயே சி4 அறவே இல்லாதவர்களுக்கு லூபஸ் மிக அதிகமாக வருவது இதற்குச் சான்று; நமக்கு இருப்பதோ பகுதிக் குறைவுதான்.

1986இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோயுள்ள 157 பேரில் 12 சதவீதத்தினரிடம் சிறுநீரக அழற்சி, ஷோக்ரென் (கண்ணும் வாயும் வறளும் நோய்), குடல் அழற்சி, தைராய்டு அழற்சி, லூபஸ் போன்றவற்றைக் கண்டது. சிறப்பு மையங்களுக்கு வருவோரிடம் தேடல் அதிகம், கண்டுபிடிப்பும் அதிகம் என்பதை நான் சேர்த்தே பார்ப்பேன். மேலும், தைராய்டு எதிர்ப்பொருள்கள் பொதுமக்களிடமே பரவலாகக் காணப்படுபவை. அவற்றை லூபஸின் முன்னறிவிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.

உண்மையில் கவனம் தேவைப்படும் இடம் பரிசோதனை அறிக்கை. என் நோயை அறியாத ஒரு மருத்துவர், அறிக்கையில் சி4 குறைந்திருந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "லூபஸாக இருக்கலாம்" என்றார். லூபஸ் முனைப்பாக இருக்கும்போது சி4 குறைவது மெய்தான். ஆனால் நமக்கு வீக்கமில்லாத நாள்களிலும் பெரும்பாலும் அது குறைவாகவே இருக்கும். அதே வரிசையின் இன்னொரு புரதமான சி3 நம்மிடம் இயல்பாக இருக்கும் என்பதால், அதுவும் இறங்கியிருந்தால், இரட்டை இழை டிஎன்ஏ எதிர்ப்பொருளும் சிறுநீரில் புரதமும் தென்பட்டால், அப்போது லூபஸைத் தீவிரமாகத் தேடுவதே முறை. வீக்கத்துக்குச் சில மணி நேரம் முன்பு தோலில் படரும், அரிப்பில்லாத சிவந்த வளையங்களையும் சிலர் லூபஸ் தடிப்பென்று கொள்வதுண்டு. மூட்டு வலி, வாய்ப்புண், நீங்காத வறட்சி போன்ற அறிகுறி எதுவுமின்றி ஆண்டுதோறும் எல்லா எதிர்ப்பொருள்களையும் சோதித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இரு நோய்களும் சேர்ந்துவிட்டால் மருந்துத் தேர்வில்தான் சிக்கல். சிறுநீரில் புரதம் போவதைக் குறைக்க வழக்கமாகத் தரப்படும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் பிராடிகைனின் சிதைவைத் தடுப்பதால், நமக்குத் தொண்டை வீக்கத்தைத் தூண்டி உயிருக்கே ஆபத்தாகலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளும் வீக்கத்தை அதிகப்படுத்தக்கூடியவை. ஆகவே தைராய்டுக்கோ மூட்டுக்கோ எந்த மருத்துவரிடம் சென்றாலும், சீட்டு எழுதப்படும் முன்பே இவ்விரு வகை மாத்திரைகளைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.