ஸ்பானிஷ் தடுமாறினால் மெக்சிகர் இல்லையா?

கேள்வி: என் மகளின் கல்லூரித் தோழி மெக்சிகோ வம்சாவளிப் பெண். ஸ்பானிஷில் பேசினால் புரிந்துகொள்வாள், பேச வராது. உறவினர்கள் கேலி செய்வதால் குடும்ப விழாக்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள். ஆனாலும் தன்னை மெக்சிகர் என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறாள். மொழி இல்லாத பெருமைக்கு என்ன பொருள்?
– ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: நிறையப் பொருள் இருக்கிறது. அவள் வீட்டில் ஸ்பானிஷ் எந்தத் தலைமுறையில் நின்றது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். பல தலைமுறையாக டெக்சாஸில் வாழும் குடும்பம் என்றால், விசாரணை பெரும்பாலும் தாத்தா பாட்டியின் பள்ளிக்கூடத்தில் போய் நிற்கும்.

அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்த வேண்டும் என்று 1918-ல் டெக்சாஸ் சட்டம் போட்டது. வேறு மொழியில் நடத்தும் ஆசிரியர் குற்றவாளி. சட்டம் வகுப்பறைக்குத்தான், பல பள்ளிகள் அதை விளையாட்டு மைதானம் வரை நீட்டித்தன. சான் அன்டோனியோவில் நான் வேலை பார்த்த நூலகத்தில் ஒரு அம்மா இருந்தார். 1950-களில் பள்ளி சென்றவர். இடைவேளையில் தோழியிடம் ஸ்பானிஷில் பேசியதற்காக மரப்பலகையால் அடி வாங்கியிருக்கிறார். தன் பிள்ளைகளுக்கு அந்த அடி விழக்கூடாது என்று அவர்களிடம் ஆங்கிலம் மட்டுமே பேசினார். கணவரோடு சண்டை போடவும் ஜெபம் சொல்லவும் மட்டும் ஸ்பானிஷ். அவருடைய பேத்திகளை யாராவது ‘போச்சா’ (மெக்சிகோத்தனம் போனவள்) என்று கேலி செய்தால் எனக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறிப் போராடினார்கள். இருமொழிக் கல்வி வேண்டும், ஸ்பானிஷ் பேசினால் தண்டிக்கக் கூடாது என்பவையும் அவர்கள் கோரிக்கைகளில் இருந்தன. தோழியின் பெருமை அந்தப் போராட்டத்துக்கும் வாரிசுதான்.

இப்போது கேலி எங்கிருந்து வருகிறது பாருங்கள். பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஸ்பானிஷ் கொஞ்சம்தான் பேச வரும் அல்லது அறவே பேச வராத லத்தீனோக்களில் (அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) 54 சதவீதம் பேர், இன்னொரு லத்தீனோவே தங்களை அதற்காக வருத்தப்பட வைத்ததாகச் சொன்னார்கள். இத்தனைக்கும், லத்தீனோவாக இருக்க ஸ்பானிஷ் தெரிந்தே ஆக வேண்டியதில்லை என்று மொத்த லத்தீனோக்களில் 78 சதவீதம் பேர் அதே கணக்கெடுப்பில் சொல்லியிருக்கிறார்கள். ஸ்பானிஷ் சொல்லின் ஆண்பால் பெண்பாலை மாற்றிச் சொன்னதற்குச் சிரிக்கும் அத்தையும், அந்தக் காலத்துப் பலகை செய்த வேலையைத்தான் செய்கிறார். அந்தப் பெண் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டாள்.

பாடகி செலினா டெக்சாஸில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். ஸ்பானிஷ் பாட்டுகளை அப்பாவிடம் உச்சரிப்புக் கேட்டுத்தான் பாடத் தொடங்கினார். பிறகு முயன்று மொழியைக் கற்றுக்கொண்டு மெக்சிகோவிலேயே பேட்டிகள் கொடுத்தார். மெக்சிகோவின் மான்டெர்ரே நகர ரசிகர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

காதால் கேட்டுப் புரிவது பெரிய மூலதனம், அதை அவளிடம் சொல்லுங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இப்படி வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கென்றே தனி ஸ்பானிஷ் வகுப்பு உண்டு. அன்னியர்களுக்கான வகுப்பைவிட அதுதான் இவளுக்குப் பொருந்தும். அப்புறம், விழாக் கூட்டத்தில் பேச்சைத் தொடங்க வேண்டாம். சிரிக்காத ஒரே ஒரு உறவினரிடம் தனியாகப் பேசட்டும்.

கேள்வி: ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து ‘ஸ்பாங்லிஷ்’ பேசுவது இரண்டையும் கெடுத்துவிடாதா?
– அதே வாசகி

பதில்: கெடுக்காது. மொழியியலாளர் ஷானா போப்ளாக், நியூயார்க்கில் வாழும் புவெர்ட்டோ ரிக்கோ மக்களின் பேச்சைப் பதிவு செய்து 1980-ல் எழுதிய ஆய்வு இதற்கு நல்ல பதில். வாக்கியத்தின் நடுவிலேயே மொழி மாறியவர்கள் பெரும்பாலும் இரண்டிலும் தேர்ந்தவர்கள். மாறும் இடத்திலும் இரண்டு மொழிகளின் இலக்கணமும் குலையவில்லை. அரைகுறையாகத் தெரிந்தவரால் அப்படிச் சுலபமாக மாற முடியாது. கலக்காமல் எழுதுவது தனிப் பயிற்சி, அதை வகுப்பில் படிக்கட்டும். சமையலறையில் எப்படி வருகிறதோ அப்படியே பேசட்டும், யாரும் நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம்.