கவுட் வலி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கவுட் என்னும் மூட்டு நோயால் வந்த கால் பெருவிரல் வலி அடங்கிவிட்டது, வலித்த அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலமும் (உடலில் உருவாகும் ஒரு கழிவுப்பொருள்) சரியாகவே இருந்தது, பிறகு எதற்குத் தினமும் அதைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வலிதான் போயிருக்கிறது; அதற்குக் காரணமான படிகங்கள் போகவில்லை. ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், கரைந்திருக்க முடியாமல் ஊசி ஊசியான படிகங்களாக மூட்டுக்குள் படியத் தொடங்கும். நோய் எதிர்ப்பு அணுக்கள் அவற்றைத் தாக்கும்போதுதான், போர்வை பட்டாலும் தாங்காத அந்த நள்ளிரவு வலி. அந்த நேரத்தில் ரத்தத்தில் யூரிக் அமில அளவு தற்காலிகமாகக் குறைந்து காட்டுவதுண்டு. வலி தணிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள்.

அளவைத் தொடர்ந்து 6-க்குக் கீழே வைத்திருந்தால் பழைய படிகங்கள் மெல்லக் கரையும். மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள். மருந்து தொடங்கிய புதிதில் வலி திரும்பலாம். மருந்துதான் கெடுதல் என்று பலர் இந்த இடத்தில் விட்டுவிடுவது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது. அது படிகங்கள் கரையும்போது கிளம்பும் வலி. அதற்காகவே முதல் சில மாதங்களுக்கு அந்த வலியைத் தடுக்கும் கோல்சிசின் என்ற மருந்தையும் சேர்த்துத் தருவார்கள். ஆனால் தோலில் தடிப்பு வந்தால் மட்டும் அலோபியூரினாலை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பீர், இனிப்புப் பானங்கள், ஈரல் ஆகியவற்றைக் குறைப்பது நல்லதே. ஆனால் உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் அளவு சிறிதே இறங்கும். பெரும்பாலானோருக்குச் சிக்கல், சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதுமான அளவு வெளியேற்றாததுதான்.