அவரால் விட முடிந்தது, என்னால் ஏன் முடியவில்லை?

மனநல மருத்துவரிடம் கேட்கும் இந்தப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் புகையிலை பற்றியவை அதிகம். நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. நானும் கணவரும் ஒரே நாளில் சிகரெட்டை நிறுத்தினோம். தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச்தான், இருவரும் ஒரே அளவு ஒட்டிக்கொண்டோம். அவர் இரண்டு வாரம் சிடுசிடுவென்று இருந்தார், அப்புறம் சரியாகிவிட்டார். எனக்கு மூன்றாம் நாளே காரணமில்லாமல் அழுகை வந்தது, தூக்கம் போனது. ஒரு வாரத்தில் மறுபடி பிடிக்க ஆரம்பித்துவிட்டேன். முன்பு மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்திருக்கிறேன். "உனக்கு மன உறுதி போதாது" என்கிறார் கணவர். எனக்கு இருக்கும் ஒரே ஆறுதலே இதுதான், நான் ஏன் விட வேண்டும்?

பதில்: மன உறுதி என்ற பேச்சை முதலில் தள்ளி வையுங்கள். கல்லீரலில் நிகோடினைச் சிதைக்கும் நொதி, சராசரியாகப் பார்த்தால், ஆண்களைவிடப் பெண்களுக்கு வேகமாக வேலை செய்கிறது. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கு அந்த வேகம் இன்னும் கூடும். ஒரே அளவு பேட்ச் ஒட்டியிருந்தாலும், உங்கள் ரத்தத்தில் நின்ற நிகோடின் அவருடையதைவிடக் குறைவாக இருந்திருக்கலாம். பேட்ச் ஆண்களுக்கு உதவும் அளவுக்குப் பெண்களுக்கு உதவுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒரு பெண் பெட்டியைத் திறந்து சிகரெட்டை விரலிடுக்கில் வைத்ததுமே, பற்ற வைக்கும் முன்பே, தன் தோள்கள் தளர்வதைக் கவனித்துச் சொன்னார். அந்த நொடியில் நிகோடின் மூளைக்குப் போயிருக்க வாய்ப்பே இல்லை. அவருக்கு ஆறுதல் தந்தது அந்த ஐந்து நிமிடத் தனிமை, கையின் அசைவு, அந்த வாசனை. இப்படிப் பழக்கத்தோடும் மனநிலையோடும் பின்னிக்கொள்வது பெண்களிடம் அதிகம், நிகோடினுக்காகவே புகைப்பது ஆண்களிடம் அதிகம் என்பதுதான் பல ஆய்வுகளின் போக்கு. யேல் பல்கலைக்கழகத்தில் 2014இல், புகைக்கும்போதே மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஆண்களுக்கு டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள் சட்டென்று கூடிய மூளைப் பகுதி வேறு, பெண்களுக்குக் கூடிய பகுதி வேறு. சிறிய ஆய்வுதான், ஆனால் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. பேட்ச் நிகோடினைத் தரும், தனிமையைத் தராது.

சரி, ஆறுதல் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். உள்ளே போன நிகோடினில் பாதி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். போகப் போக எரிச்சல், பதற்றம், கவனக் குறைவு. அடுத்த சிகரெட் அந்தப் பதற்றத்தை அடக்குகிறது. அது அடக்குவது பெரும்பாலும் முந்தைய சிகரெட் விட்டுச்சென்ற பதற்றத்தைத்தான். மனச்சோர்வு வந்து போனவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கடுமையாகத் தெரியும். உங்கள் அழுகை விலகல் அறிகுறி, அதாவது நிகோடின் நின்றதும் உடலும் மனமும் காட்டும் எதிர்வினை. முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணிந்துவிடும். அதைத் தாண்டியவர்களின் கதை வேறு. 100க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2021இல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், குறைந்தது ஆறு வாரம் விட்டிருந்தவர்களுக்கு, தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால், பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. ஏற்கெனவே மனநோய் இருந்தவர்களுக்கும் அப்படித்தான்.

ஆகவே மறுபடி முயலுங்கள், ஆனால் கணவரின் வழியில் வேண்டாம். நிறுத்தும் நாளைக் குறிக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து, பழைய மனச்சோர்வைப் பற்றிச் சொல்லுங்கள். பேட்சோடு நிகோடின் சூயிங்கமும் சேர்க்கலாமா, புகையை விட உதவும் வேரெனிக்ளின் மாத்திரை பொருந்துமா என்று கேளுங்கள். பேட்சோடு ஒப்பிட்டால் வேரெனிக்ளின் பெண்களுக்குக் கூடுதல் பலன் தருகிறது. அது மனதைக் கெடுக்கும் என்ற பயம் ஒரு காலத்தில் இருந்தது. 2016இல் 8,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வில், அவர்களில் பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள், அப்படிக் குறிப்பிடத்தக்க ஆபத்து தெரியவில்லை. அந்த ஐந்து நிமிடத் தனிமையை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிகரெட் இல்லாமலே எழுந்து போய் நில்லுங்கள். உங்கள் கணவர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

கேள்வி: எனக்கு மனச்சோர்வெல்லாம் கிடையாது. கோபம்தான் வரும், தூக்கம் சரியில்லை, ஒரு நாளைக்கு இருபது சிகரெட். மனைவி உங்களைப் போன்ற டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார். புகைக்கும் பெண்களுக்குத்தான் மனப் பிரச்சினை அதிகம் என்று படித்தேனே?

பதில்: நீங்கள் படித்தது பொய்யில்லை. புகைப்பதற்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு பெண்களிடம் வலுவாகத் தெரிவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்தக் கணக்கை நான் இரண்டு இடத்தில் நிறுத்திப் பார்ப்பேன். முதலாவது, 2020இல் உலகில் ஆண்களில் 36.7 சதவீதமும் பெண்களில் 7.8 சதவீதமும் புகையிலை பயன்படுத்தியதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சும்மா நண்பர்களோடு சேர்ந்து பழகிய ஆண்கள் ஏராளம். சுற்றியிருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தும், ஒளிந்தும் புகைக்கும் பெண்ணிடம், அவரை அங்கே தள்ளிய வலி ஏதாவது இருக்கும் வாய்ப்பு கூடுதல். இரண்டாவது, "சோகமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டால் பல ஆண்கள் இல்லை என்பார்கள். அவர்களின் மனச்சோர்வு கோபமாக, குடியாக, தூக்கமின்மையாக வெளியே வரும். கேள்வித்தாளில் அது பதிவாகாது. மனச்சோர்வு பெண்களிடம் அதிகம் என்று பதிவாகிறது, உலக அளவில் தற்கொலையால் இறக்கும் ஆண்களோ பெண்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இந்த முரண் என்னை எப்போதும் உறுத்துகிறது.

உங்கள் கடிதத்தில் கோபமும் தூக்கமின்மையும் இருபது சிகரெட்டும் ஒரே வரியில் இருக்கின்றன. மனைவி சொல்வதைக் கேளுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு எப்போதாவது வருகிறதென்றால், நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே போங்கள்.

கேள்வி: மகனுக்கு மனச்சிதைவு நோய், குளோசபைன் எடுக்கிறான். பத்து நாளாகச் சிகரெட்டை அறவே விட்டுவிட்டான். இப்போது எந்நேரமும் தூக்கம், எச்சில் வழிகிறது. நோய் முற்றுகிறதா?

பதில்: உடனே அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள் குளோசபைனையும், இதே நோய்க்குத் தரும் ஒலான்சபைனையும் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறையும், அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாகத் தேங்கும். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நீங்களாகக் குறைக்க வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். மறுபடி சிகரெட்டைக் கையில் கொடுத்துவிடவும் வேண்டாம். மருந்தை வேகமாகச் சிதைய வைத்தது புகைதான், நிகோடின் அல்ல. அதனால் பேட்ச் ஒட்டினால் இது சரியாகாது. காபி குடிப்பவரென்றால் அதையும் குறையுங்கள், காஃபீனும் இதே போலத் தேங்கும். பெண்களுக்கு ஒரே அளவு மருந்தில் பொதுவாகவே குளோசபைன் ரத்தத்தில் அதிகமாக நிற்கும் என்பதால், இதே மருந்தில் இருக்கும் பெண்கள் புகையை விடும்போது இன்னும் கவனம் தேவை.

கேள்வி: கர்ப்பமானதும் சிகரெட்டைத் தொடவே இல்லை. குழந்தைக்கு இப்போது நான்கு மாதம். திடீரென்று ஆசை பிடுங்குகிறது. எதிலும் பிடிப்பில்லை. வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில்: என்னிடம் சொல்லிவிட்டீர்கள், அதுவே பெரிது. கர்ப்பத்தில் விட்டவர்களில் பலர் பிரசவத்துக்குப் பிறகு முதல் வருடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். தூக்கமின்மை, தனிமை, மனச்சோர்வு மூன்றும் சேர்ந்து இழுக்கும். நீங்கள் எழுதியதில் ஆசையைவிட "எதிலும் பிடிப்பில்லை" என்ற சொற்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று 1987 முதல் இருக்கிறது, மொத்தமே பத்துக் கேள்விகள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளில் அதைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யத் தோன்றினால் அதுவரை காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மனச்சோர்வு மருந்துகள் உண்டு. இரவில் ஒரு முறையாவது குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்ள, நீங்கள் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் தூங்குவதற்கு இன்றே வீட்டில் பேசுங்கள்.