அலசினால் நீலம் போய்விடுகிறதே!

கேள்வி: சயனோடைப் அச்சு (இரும்பு உப்புக் கலவை பூசிய தாளை வெயிலில் காட்டி, அலசி நீலப் படம் எடுக்கும் முறை) பழகுகிறேன். தாளில் கறிவேப்பிலையை வைத்து, சன்னல் கண்ணாடியோரம் 10 நிமிடம் வெயில் காட்டினேன். அலசியதும் நீலம் மொத்தமும் தண்ணீரோடு போய்விட்டது. ஏன்? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: வெயில் போதவில்லை அம்மா. புற ஊதாக் கதிர்தான் தாளிலுள்ள இரும்பு உப்பை மாற்றிப் பிரஷ்ய நீலம் என்ற நிறமியாகப் பிடிக்க வைக்கிறது. பிடிக்காதது கரைந்துவிடும். கண்ணாடி அக்கதிரில் ஒரு பங்கைத் தடுத்துவிடும். நானும் அங் மோ கியோ வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஆறு தாளைப் பாழாக்கியவன்தான்!

அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வெட்டவெளிக்குப் போங்கள். இங்கே உச்சி வெயில் 12 மணிக்கு அல்ல, 1 மணிவாக்கில். கடிகாரத்தை நம்பாதீர்கள், பூச்சு மஞ்சள்பச்சை மாறி வெண்கலச் சாம்பலாகட்டும்.

கலவையையும் சரிபாருங்கள்: 100 மில்லி நீரில் 25 கிராம் பச்சை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், வேறு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. பூசும்போது சம அளவாகக் கலக்கவும். நம்மூர் ஈரக்காற்றில் தாள் லேசில் காயாது. இருட்டறையில் மின்விசிறியடியில் வையுங்கள். கறிவேப்பிலையையும் முந்தின நாளே பழைய நாளிதழுக்குள் அழுத்திவிடுங்கள். அலச வெறும் தண்ணீர்தான். சோப்பு வேண்டாம், காரம் நீலத்தைத் தின்றுவிடும்.