லேசர் முடிந்து 12 நாள், சைக்கிள் எடுக்கலாமா?

இடது காலில் வெரிகோஸுக்கு (புடைத்துச் சுருண்ட ரத்த நாளத்துக்கு) லேசர் செய்து 12 நாளாச்சு, அழகர்கோவில் வரை மிதிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அவ்வளவு தூரம் இப்போ வேண்டாங்க. துளை போட்ட இடம் காய்ந்து, டாக்டரும் சரின்னா, தெப்பக்குளத்தைச் சுற்றி 15 நிமிஷம், லேசான கியரில்.

சீட் உயரம் முக்கியம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராகணும். தாழ்ந்திருந்தால் முழங்கால் ரொம்ப மடங்கி, உள்தொடை இழுக்கும். அழுத்தக் காலுறையோடுதான் ஓட்டணும். மேல்விளிம்பு சுருண்டால் கட்டுப் போட்ட மாதிரி இறுக்கிடும், இறங்கி நீவி விடுங்க. வெயிலில் ரத்த நாளம் விரியும், காலை 7 மணிக்குள் முடிச்சிடுங்க.

தொடையில் கயிறு மாதிரி தட்டுப்படுவது பெரும்பாலும் லேசரில் மூடின ரத்த நாளம்தான், பயப்படாதீங்க. ஆனா கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உள்ளே ரத்தம் உறைந்து கட்டியா இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போயிடுங்க.